எட்டுக்கையும் மூவாயிரம் ஃபைலும்

தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வலது கையால் கணினியின் மவுஸை உருட்டி, இடது கையால் ஒருவருடைய சீட்டில் முத்திரை குத்தி, காலால் மேசைக்கடியில் இருக்கும் குப்பைக்கூடையை ஓரமாகத் தள்ளுகிறாள். போனில் இருப்பவரிடம், "சொல்லுங்க, சொல்லுங்க, கேக்குது" என்கிறாள். முத்திரைக்காக நிற்பவரிடம், "பின்னாடியும் ஒரு கையெழுத்து" என்கிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால், போனில் இருப்பவர் எதன் பின்னாடி கையெழுத்துப் போடுவது என்று திகைத்துப்போவதும் உண்டு.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் சின்ன ஆஸ்பத்திரி அது. ஒரே ஒரு நீளக் கூடம். ஆறு சாய்வு நாற்காலி, ஆறு மெஷின். மூலையில், கதவை ஒட்டி அவளுடைய மேசை. நோயாளிகளின் ஃபைல் அத்தனையும் அவள் பொறுப்பு. அதனால் அங்கே வருகிறவர்களுக்கு அவள் ஃபைலம்மா. எங்கள் வீட்டில் எட்டுக்கை. என் தம்பி அவளுக்கு மாமனார், நான் பெரிய மாமா. மருமகளாக வந்த மூன்றாம் மாதமே தம்பி வைத்த பேர் அது. வாரத்தில் மூன்று நாள் அவன் அந்த நாற்காலியில் நாலைந்து மணி நேரம் கையை நீட்டிப் படுத்திருப்பான். துணைக்குப் பக்கத்து ஸ்டூலில் நான். அவள் மேசை எனக்கு நேர் எதிரே.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பில் குக்கர், மூலையில் துணி மெஷின், மேசையில் இஸ்திரிப் பெட்டி, மூன்றும் ஒரே நேரத்தில் சூடாக இருக்கும். நடுவில் நின்று தலை பின்னிக்கொண்டிருப்பாள். "ஒன்னு முடியற வரைக்கும் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறது என்னால ஆகாது மாமா. நிக்கிற நேரத்துல இன்னொன்னு முடிஞ்சிரும்ல?" என்பாள். பெரிய கடைக்குப் போனால் புருஷனை ஒரு வரிசையிலும், மாமியாரை ஒரு வரிசையிலும் நிறுத்திவிட்டுத் தான் மூன்றாவது வரிசையில் நிற்பாள். எது முதலில் நகருகிறதோ அதற்குக் கூடை ஓடும். "என்னையும் இப்படி நாலு வரிசையில ஆள் நிறுத்தித்தான் பிடிச்சிருப்பா" என்று அவள் புருஷன் சொல்வான். "நாலுல நீங்கதான் சீக்கிரம் நகர்ந்தீங்க" என்று அவளும் விடமாட்டாள்.

ரத்தத்தில் வந்தது. அவள் அம்மாவின் கடைசித் தங்கையை எனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். பலகை நிறைய ஓட்டை, கை நிறைய ஒயர். பத்து வீட்டுப் பேச்சை ஒரே நேரத்தில் கோத்துவிட்டு, பதினோராவதாகத் தன் அக்காவிடமும் பேசிக்கொண்டிருப்பாள். இருபத்தெட்டு வருஷ வேலையில் ஒரே ஒரு தடவை ஒயர் மாறிப்போய், பிரசவ ஆஸ்பத்திரியை சிமென்ட் கடையோடு இணைத்துவிட்டாள். "ரெண்டும் பத்திரமா வந்திருச்சு" என்று நர்ஸ் சொல்ல, "நான் கேட்டது இருபது மூட்டையாச்சே!" என்று கடைக்காரர் சண்டைக்குப் போய்விட்டாராம். மாறினது ஒரு தடவைதான். ஆனால் சாகிறவரை அவள் அதைச் சொல்லிச் சிரித்ததே இல்லை. மற்றவர்கள்தான் சிரித்தோம்.

எட்டுக்கைக்கு அந்த மாதிரி ஒரு நாள் போன மாதம் வந்தது.

நோயாளிகளை வயிற்று ஸ்கேனுக்கு அனுப்புகிற இடம் ஒன்று உண்டு. எடுத்த படமும் அறிக்கையும் அவர்களுடைய வெப்சைட்டில்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பாஸ்வேர்டு. வேண்டும்போது நோயாளியின் எண்ணைத் தட்டி, ஃபைலை இறக்கிக்கொள்ளலாம். அந்த ஸ்கேன்காரர்கள் கடையைக் கட்டுகிறார்கள். மாதக் கடைசியோடு வெப்சைட்டையும் மூடுகிறோம், உங்கள் பிரதிகளை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. ஆறு வருஷத்து நோயாளிகள். மூவாயிரம் ஃபைல். பாதிப் பேரிடம் வேறு பிரதி கிடையாது. பழைய படம் இல்லாமல் புதுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டரால் என்ன சொல்ல முடியும்? சிறுநீரகம் சுருங்கியிருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா என்பதே தெரியாது.

டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நாலு பெண்களை இந்த வேலைக்கு என்று ஒதுக்கினார். ஆளுக்கொரு கணினி, உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டியது. எட்டுக்கை குறுக்கே போய் விழுந்தாள். "வேணாம் மேடம். அவங்க வேலைய அவங்க பாக்கட்டும். நான் ஸ்கிரிப்ட் எழுதிடறேன். பிரவுசர் தானாவே செய்யும்."

ஸ்கிரிப்ட் என்றால் என்ன என்று நான் கேட்டேன். நமக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அவள் சொன்ன விதத்தில் எனக்கே புரிந்தது. நாம் கையால் செய்வதை வரி வரியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் எண்ணைத் தட்டு. இந்தப் பொத்தானை அமுக்கு. ஃபைல் இறங்கும்வரை பொறு. வந்த ஃபைலுக்கு அந்த எண்ணையே பேராக வை. அடுத்த எண்ணுக்குப் போ. எழுதினது முடிந்ததும் ஒரு தட்டு. பிரவுசர் ஜன்னல் தானாகத் திறந்தது. கட்டத்துக்குள் எண்கள் தானாக விழுந்தன, பொத்தான் தானாக அமுங்கியது. பேய் வந்து டைப் அடித்த மாதிரி இருந்தது. தம்பி மெஷினோடு கட்டியிருந்த கையை மறந்து எழுந்திருக்கப் பார்த்தான். பத்து ஃபைலை வரிசையாக இறக்கிச் சோதித்தாள். பத்தும் சரி. நாலு பெண்களும் அவரவர் வேலைக்குத் திரும்பிப் போனார்கள். மாதக் கடைசிக்கு நாள் இருக்கிறதே, மொத்தத்தையும் வாரக் கடைசியில் ஓடவிடலாம் என்று எட்டுக்கையும் விட்டுவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு டாக்டரம்மா போனும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏம்மா, மாசக் கடைசி இல்லையாம். இன்னைக்கு நாலு மணிக்கே மூடறாங்களாம்!"

தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெரிய மனிதர், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், "ஒரு ஃபைலுக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "நாப்பது செகண்ட்" என்றாள். மூவாயிரம் நாற்பது செகண்டை அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "ஒன்னரை நாள் ஆகும்மா, நிக்காம ஓட்டினாலும். உன்கிட்ட இருக்கிறது ஆறு மணி நேரம். அந்த நாலு பொண்ணுங்களையாச்சும் விட்டு வச்சிருக்கலாம்."

எட்டுக்கையின் காது சிவந்தது.

பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! மூன்று வரிசையில் ஆள் நிறுத்தும்போது வருமே, அதே வெளிச்சம்.

"ஒன்னுக்குப் பின்னால ஒன்னு எதுக்கு? ஒரு ஜன்னல் ஃபைலுக்காகக் காத்துக்கிட்டிருக்கிறப்ப இன்னொரு ஜன்னல் எண்ணத் தட்டட்டுமே. எட்டு ஜன்னலாத் திறந்து விட்டுடறேன். எட்டும் ஒரே நேரத்துல இழுக்கும்!"

ஸ்கிரிப்டில் நாலைந்து வரி மாற்றினாள். மூவாயிரம் எண்களையும் எட்டுப் பங்காகப் பிரித்தாள். பத்தரைக்கு ஒரு தட்டு. திரையில் எட்டு ஜன்னல், ரெட்டை வரிசையாக விரிந்தது. ஒன்றில் எண் விழுகிறது, ஒன்றில் பொத்தான் அமுங்குகிறது, ஒன்றில் ஃபைல் இறங்குகிறது, ஒன்று அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது. கணினிக்குள் விசிறி ஊளையிட்டது. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு ஃபைல். ஒரு மூலையில் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. இருநூறு, நானூறு, அறுநூறு. எட்டுக்கை நாற்காலியில் உட்காரவே இல்லை. "மூணாவது, தூங்காத! ஆறாவது, சபாஷ்டி!" என்று ஜன்னல்களை அதட்டினாள், கொஞ்சினாள். ரத்தம் மெஷினில் ஓடுகிறவர்கள் ஆறு பேரும் கழுத்தைத் திருப்பித் திரையையே பார்த்தார்கள். "எண்ணூறு!" என்று லாரிக்காரர் கத்த, நர்ஸ் வந்து அவருடைய பிரஷரைப் பார்த்துவிட்டு, பேசக்கூடாது என்று மிரட்டிவிட்டுப் போனார்.

பதினொன்றே முக்காலுக்குத் தொள்ளாயிரம். டாக்டரம்மா சிரித்த முகத்தோடு வந்து, "உங்க மாமாவோட ஸ்கேன எடும்மா, அவர் இங்க இருக்கிறப்பவே பாத்துடறேன்" என்றார். தம்பியின் எண்ணைத் தேடி ஃபைலைத் திறந்தாள் எட்டுக்கை.

டாக்டரம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "வயசு இருபத்தேழு. பெண். அஞ்சு மாச கர்ப்பம்."

லாரிக்காரருக்கு நர்ஸின் மிரட்டல் மறந்துபோயிற்று. "அண்ணே, ஒரு வார்த்தை சொல்லவே இல்லயே! அஞ்சு மாசமா மறைச்சிருக்கீங்க!"

"எல்லாம் உன் கண்ணு படக்கூடாதுன்னுதான்" என்றான் தம்பி. கூடமே சிரித்தது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பையன்கூட வாயைப் பொத்திக்கொண்டான்.

எட்டுக்கை சிரிக்கவில்லை. அடுத்த ஃபைலைத் திறந்தாள். வேறு யாரோ. அதற்கடுத்தது சரி. அதற்கடுத்தது மறுபடி வேறு யாரோ. ஒவ்வொன்றாகச் சிரிப்பு அடங்கிற்று.

"ஐயோ" என்றாள், மெதுவாக. "கடைசியா வந்த ஃபைல் எதுவோ அதுக்குப் பேர் வைன்னு எழுதியிருந்தேன்."

ஒரு ஜன்னல் இருந்தபோது அது சரி. கடைசியாக வந்தது அதனுடையதுதான். எட்டு ஜன்னலும் ஒரே ஃபோல்டரில் ஃபைலைக் கொண்டுவந்து போட்டால்? நாலாவது ஜன்னல் தன் ஃபைலுக்குப் பேர் வைக்கத் திரும்புவதற்குள் ஏழாவதின் ஃபைல் வந்து விழுந்திருக்கும். நாலாவது அதைத் தூக்கித் தன் எண்ணை ஒட்டிவிடும். எட்டுப் பிள்ளைகளை ஒரே தொட்டியில் குளிப்பாட்டிவிட்டு, கைக்குக் கிடைத்த சட்டையைக் கிடைத்த பிள்ளைக்கு மாட்டின கதை.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "ஏம்மா, ஒருத்தரோட ஃபைல் இன்னொருத்தர் பேர்ல இருக்கிறதுக்கு, ஃபைலே இல்லாமப் போறது எவ்வளவோ மேல். இல்லன்னா புதுசா எடுப்போம். மாறி இருந்தா அத நம்பி மருந்து எழுதிடுவேனே." பிறகு, "அந்த நாலு பேரையும் கூப்பிடறேன். முக்கியமான முந்நூறு நானூறாவது கையால எடுக்கலாம். மிச்சம் போனாப் போகுது" என்றார்.

"போனாப் போகுதுன்னா யாரோடது மேடம் போறது?"

ஆறு நாற்காலியிலும் ஆள் இருந்தது.

"அரை மணி நேரம் குடுங்க" என்றாள் எட்டுக்கை. கேட்டுவிட்டுத் தொள்ளாயிரம் ஃபைலையும் மொத்தமாகத் தேர்ந்து அழிக்கப் போனாள். "இரும்மா, அதுல பாதி சரியா இருக்குமே!" என்று லாரிக்காரர் பதறினார். "எந்தப் பாதின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அமுக்கிவிட்டாள். ஒன்றேகால் மணி நேர உழைப்பு கண் மூடித் திறப்பதற்குள் காணாமல்போயிற்று.

அப்புறம் அவள் உட்கார்ந்து எழுதினதைப் பார்க்க வேண்டுமே. போன் அடித்தது, எடுக்கவில்லை. முத்திரைக்கு ஒருவர் வந்து நின்றார், நிமிரவில்லை. என் தம்பி வீட்டில் இத்தனை வருஷத்தில் அவளுடைய இரண்டு கையும் ஒரே வேலையில் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாய் மட்டும் தனக்குத்தானே பேசியது. "ஜன்னலுக்கு ஒரு ஃபோல்டர். அவங்கவங்க வாசல்ல அவங்கவங்க ஃபைல். அமுக்கிட்டுத் தேடக்கூடாது. அமுக்கறதுக்கு முன்னாடியே கைய நீட்டிக்கிட்டு நிக்கணும். இந்த அமுக்குக்கு வர்ற ஃபைல் எனக்குன்னு."

பன்னிரண்டேகாலுக்கு எழுந்தாள். போன நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் இருபது ஜன்னலைத் திறந்தாள். இருபதும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்ததில் எதிர்ப்பக்கத்து வெப்சைட் மிரண்டுவிட்டது. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் வரக்கூடாது, இருபது நிமிஷம் கழித்து வா என்று இருபது ஜன்னலிலும் ஒரே அறிவிப்பைத் தொங்கவிட்டது.

"பேராசைப்பட்டுட்டேன்" என்று தலையில் தட்டிக்கொண்டாள். அந்த இருபது நிமிஷமும் அவளுக்கு ஜெயில். ஜன்னலோரம் போனாள், வந்தாள், தம்பியின் போர்வையை இரண்டு தடவை மடித்தாள்.

"பத்துல ஓட்டும்மா" என்றார் லாரிக்காரர், இந்தத் தடவை கேலி இல்லாமல். "சீரான வேகம். கணக்குப் போட்டுட்டேன். மூணு அம்பத்தஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சேத்திரும்."

பத்து ஜன்னல். முதல் இருபது ஃபைலைத் திறந்து, உள்ளே இருக்கும் பேரையும் வெளியே இருக்கும் எண்ணையும் அவள் உரக்கப் படிக்க, டாக்டரம்மா பதிவேட்டைப் பார்த்து "சரி, சரி" என்று சொன்னார். இருபதும் சரி. நிமிஷத்துக்குப் பதினைந்து என்று கணக்கு ஏறத் தொடங்கியது.

மூன்று மணிக்குத் தம்பிக்கும் லாரிக்காரருக்கும் மெஷினைக் கழற்றினார்கள். வேறு நாளாக இருந்தால் பஞ்சை அமுக்கிப் பிடித்த கையோடு வாசலுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாயிரத்து இருநூறு. ஒரு ஜன்னல் ஏதோ தப்பான எண்ணில் சிக்கி அப்படியே நின்றுவிட்டது. "அத விடும்மா, ஓரங்கட்டு, மத்த வண்டி போகட்டும்!" அவள் ஏற்கெனவே அதை எழுதி வைத்திருந்தாள். வராத ஃபைலைத் தனிப் பட்டியலில் தள்ளிவிட்டு ஜன்னல் தானே நகர்ந்தது.

மூன்று ஐம்பத்தைந்து. மூவாயிரமும் ஓடி முடிந்து கணக்கு நின்றது. தனிப் பட்டியலில் இருபத்து மூன்று. அவற்றை மறுபடி ஓடவிட்டாள். பதினைந்து வந்தது. இருபது வந்தது. இருபத்திரண்டு வந்தது.

ஒன்று மட்டும் பெரிய ஃபைல். நீலக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. மூன்று ஐம்பத்தெட்டு.

"யாரோடது?" என்றான் தம்பி.

"தெரியல மாமா. எண் மட்டும்தான் தெரியுது. ரெண்டாயிரத்து எழுபத்தொன்னு."

"யாரா இருந்தா என்ன, இழு!" என்று லாரிக்காரர் வண்டி தள்ளுவதுபோல மேசையைப் பிடித்துத் தள்ளினார். நர்ஸ் இந்தத் தடவை அவரை மிரட்டவில்லை. நர்ஸும் எங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கோடு முக்கால் வந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. முடிந்தது. மூன்று ஐம்பத்தொன்பது!

ஒரு கூச்சல் எழுந்தது. தம்பி பஞ்சு வைத்த கையைத் தூக்கி ஆட்டிவிட்டு "ஆ" என்று அலறினான். டாக்டரம்மா எட்டுக்கையைக் கட்டிக்கொண்டார். சிறிது நேரத்தில் பத்து ஜன்னலிலும் ஒரே வெள்ளைப் பக்கம் வந்தது. வெப்சைட் போய்விட்டது.

எல்லோரும் பேசிக்கொண்டே கலைந்தார்கள். எட்டுக்கை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அங்கங்க எடுத்து ஒரு நூறு ஃபைல் பாக்கணும். நூறும் சரியா இருந்தா மிச்சமும் சரின்னு வச்சுக்கலாம்" என்றாள். நாங்கள் காத்திருந்தோம். திறப்பாள், உள்ளே இருக்கும் பேரைப் படிப்பாள், பதிவேட்டைப் பார்ப்பாள், தாளில் ஒரு கோடு போடுவாள். ஐந்து மணிக்கு நூறாவது கோடு விழுந்தது. ஒன்றுகூட மாறவில்லை.

"அப்ப கெளம்பலாமா?" என்றான் தம்பி.

"கெளம்பலாம் மாமா." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாற்காலியை உள்ளே தள்ளினாள். நாங்கள் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தோம். அவள் நின்றபடியே குனிந்து, நூற்றொன்றாவது ஃபைலைத் திறந்து, திரையில் இருந்த பேரின் மேல் விரலை வைத்திருந்தாள்.